வீட்டுக்காரர் ஆகுமுன் ஒரு கணக்கு



சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, அன்னதான மண்டபத்தில் கை கழுவிக்கொண்டு நின்றபோது தம்பி ஒருவர் பக்கத்தில் வந்தார். கணினித் துறையில் வேலை பார்ப்பவர், வயது முப்பதுக்குள். "மாமா, வாடகைக்கு விடுறதுக்கு ஒரு வீடு வாங்கலாம் எண்டு யோசிக்கிறன். என்ர சிநேகிதர் சில பேர் அது பாவம் எண்டு சொல்லினம். நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார். தாயார் அருகில்தான் நின்றார். "வீடு வாங்கிறதில என்னடா பாவம்? உன்ர சிநேகிதருக்கு வேற வேலை இல்லையோ?" என்று கடிந்துகொண்டார்.

தாயார் கடிந்ததில் நியாயம் உண்டு. ஆனாலும் பிள்ளை கேட்ட கேள்வியைச் சிரித்து விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் எங்கள் குடும்பங்களில் வாடகைக்கு வீடோ பேஸ்மென்ற்றோ விடாத குடும்பம் குறைவு. இரண்டாவது வீடு வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வீடு விற்பனை முகவர்கள் இருக்கிறார்கள், கருத்தரங்குகளும் நடக்கின்றன. அது சரியா என்று கேட்பதற்கு ஓர் இடமும் இல்லை. கோயிலில் கேட்காமல் வேறு எங்கே கேட்பது?

அந்தப் பிள்ளையின் சிநேகிதர் சொல்வது இதுதான். ஒரு வீடு ஏற்கெனவே உள்ளவன் இன்னொன்றையும் வாங்கினால் விலை ஏறுகிறது, வீடே இல்லாதவனுக்குக் கதவு அடைபடுகிறது. பிறகு அந்த வீடில்லாதவனுடைய சம்பளத்தைக் கொண்டே வாங்கியவன் தன் வங்கிக் கடனை அடைக்கிறான். கேட்கும்போது சுருக்கென்று குத்துகிறது, உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எல்லோராலும் வீடு வாங்க இயலாது, எல்லோருக்கும் அது வேண்டியதும் இல்லை. புதிதாக வந்திறங்கியவர், படிக்க வந்த பிள்ளை, இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்த தாதி, மணமுறிவின் பின் பிள்ளையோடு தனியே நிற்கும் பெண் என்று இவர்கள் எல்லோருக்கும் யாரோ ஒருவருடைய வீடுதான் வேண்டியிருக்கிறது. எங்கள் ஆலயமே மண்டபத்தை வாடகைக்கு விட்டுத்தான் கூரை திருத்தியது. வாடகை வாங்குவது பாவம் என்றால் அந்தக் கூரையின் கீழ் நின்றுகொண்டு நாம் இதைப் பேச இயலாது.

ஆகவே வாடகை வாங்கலாமா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. எப்படிப்பட்ட வீட்டுக்காரராக இருப்பது, அதை எந்த நாளில் தீர்மானிப்பது என்பதே கேள்வி. இதை விளங்கப்படுத்த என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1988 இல் நான் வந்தபோது ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் ஐந்து பேராக இருந்தோம். மேலே இருந்தவர் கிரேக்க நாட்டிலிருந்து வந்த முதியவர். 1991 இல் நானும் இன்னொருவரும் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அந்நாட்களில் ஒன்ராறியோ முழுவதும் அதே கதைதான். இரண்டரை மாதம் வாடகை கொடுக்க முடியவில்லை. கிழவர் ஒருநாளும் கதவைத் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மனைவி ஒரு தட்டில் ஏதோ பலகாரம் வைத்து மூடி, படியில் வைத்துவிட்டுப் போவார். அவரைத் தெய்வம் மாதிரி மனிதர் என்று ஊருக்கு எழுதினேன். பல வருடம் கழித்து ஒருநாள் அவரிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வங்கிக்காரன் என் கதவைத் தட்டவில்லை, அதனால் நான் உங்கள் கதவைத் தட்டவில்லை" என்றார். வீட்டுக் கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டாராம்.

அடுத்து நாங்கள் குடிபோன வீடு எங்கள் ஆள் ஒருவருடையது. ஒன்றாந் திகதி காலை ஏழு மணிக்கே வாசலில் நிற்பார். தை மாதக் குளிரில் சூட்டைக் குறைத்து வைத்துவிடுவார். அடுப்பின் கதவைத் திறந்து வைத்துக் கைகளைச் சூடாக்கிக்கொண்டு இருந்த இரவுகள் இன்னும் நினைவிருக்கின்றன. அவரை நெடுங்காலம் மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்தேன். பிறகுதான் தெரியவந்தது, 1989 இல் விலை உச்சியில் நின்றபோது அவர் இரண்டு வீடு வாங்கியிருந்தார். அப்போது வட்டி 12 வீதத்துக்கும் மேலே. அடுத்த வருடமே விலை இறங்கத் தொடங்கியது. இரவில் ஒரு வேலை, பகலில் ஒரு வேலை என்று மனிதர் ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் பேஸ்மென்ற்றின் சூட்டைக் குறைத்ததில் அவருக்கு மாதம் எத்தனை டொலர் மிச்சமாகியிருக்கும்? முப்பதா, நாற்பதா? அந்த நாற்பதும் அவருக்கு வேண்டியிருந்தது.

கிழவர் நல்லவர், எங்கள் ஆள் கெட்டவர் என்றுதான் நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. ஒருவருக்குப் பொறுத்திருக்க இடம் இருந்தது, மற்றவருக்கு இல்லை. தனக்கு அந்த இடம் இல்லாமற் போகும்படி அவர் தீர்மானித்தது எங்களைக் காண்பதற்கு முன்னரே, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்த அன்றே.

இதைத்தான் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். சொன்னதும் அவர் தொலைபேசியில் தன் கணக்கைத் திறந்து காட்டினார். டூர்ஹம் பக்கம் ஒரு பழைய தொடர்மனை வீடு, விலை 700,000 டொலர். தாம் குடியிருக்காத வீடு என்றபடியால் முற்பணம் குறைந்தது 20 வீதம் வைக்க வேண்டும், அது 140,000. மிகுதி 560,000 கடன். 25 வருடத் தவணை, வட்டி 4 வீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 2,950 டொலர் வரும். வாடகை 3,000. "மாதம் அம்பது டொலர் லாபம் மாமா, வீட்டு விலை ஏறுறது வேற" என்றார்.

சொத்து வரி எங்கே என்று கேட்டேன். காப்புறுதி? கூரை, உலை, தண்ணீர்க் கொதிகலன்? ஒருவர் போய் மற்றவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும் மாதம்? எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 700 என்று குறைவாகவே போட்டோம். ஐம்பது டொலர் லாபம் 650 டொலர் நட்டமாகியது. வருடத்துக்கு 7,800. அதைத் தன் சம்பளத்தில் இருந்து மனமொத்துப் போடுவதென்றால் அது அவருடைய விருப்பம், யாருக்கும் பாவமில்லை. போட முடியாவிட்டால்?

வட்டியையும் பார்க்க வேண்டும். இதே கடனை 2 வீதத்தில் எடுத்தவருக்கு மாதத் தவணை ஏறக்குறைய 2,370 தான். 5 வீதமானால் 3,260. இது வெறும் கற்பனைக் கணக்கு என்று எண்ண வேண்டாம். கனடா மத்திய வங்கியின் வட்டி வீதம் 2022 மார்ச் தொடக்கம் வரை 0.25 ஆக இருந்தது, 2023 ஜூலையில் 5 ஆகியது. ஏறக்குறைய பதினாறு மாதத்தில் நடந்த சங்கதி. இந்தக் காலத்தில் வாடகையை எவ்வளவு ஏற்றலாம்? 2018 நவம்பர் 15 ஆம் திகதிக்கு முன்னரே ஆட்கள் குடியிருந்த வீடு என்றால், ஒன்ராறியோ அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் வீதத்துக்கு மேல் பொதுவாக ஏற்ற இயலாது. 2023, 2024, 2025 மூன்று வருடமும் அது 2.5 வீதம், 2026 இல் 2.1 வீதம். 3,000 டொலர் வாடகைக்கு 2.5 வீதம் 75 டொலர். கடன் பக்கத்தில் ஏறியதோ 890. இடையில் நிற்கும் 800 சொச்சத்தை யாரோ ஒருவர் கட்டியாக வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை எங்கள் மத்தியில் நடந்த ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். என் நண்பர் ஒருவர், இந்த ஆலயத்துக்குத் தொண்டு செய்தவர், 2021 இல் ஒரு வீடு வாங்கினார். முற்பணமும் சொந்தக் காசல்ல. தான் இருக்கும் வீட்டின் மேல் எடுத்த கடன். மாறும் வட்டி, இரண்டு கடனும் ஒன்றாகவே ஏறின. 2023 இல் ஒருநாள் இரவு என்னிடம் வந்தார். "அண்ணை, அந்தச் சனத்தை எழுப்பிப் போட்டு வேற ஆக்களை விட்டால் எண்ணூறு கூட எடுக்கலாம். மகன் வந்து இருக்கப் போறான் எண்டு சொல்லி என்-12 குடுக்கச் சொல்லினம். எல்லாரும் செய்யினம்தானே?" என்றார். மகன் வாட்டர்லூவில் படித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டுக்கு வரும் எண்ணம் அவனுக்கு இல்லை.

என்-12 என்பது வீட்டுக்காரரோ அவருடைய பெற்றோர், பிள்ளை போன்ற நெருங்கிய உறவினரோ குறைந்தது ஒரு வருடம் குடியிருக்க உண்மையாகவே விரும்பினால் கொடுக்கும் அறிவித்தல். பொய்யாகக் கொடுத்தது நிரூபணமானால் வீட்டுக்காரர்–வாடகையாளர் சபை பன்னிரண்டு மாத வாடகை வரை நட்டஈடு விதிக்கலாம், அபராதம் வேறு. நண்பருக்கு இது தெரியும். பிடிபடமாட்டோம் என்பதும் தெரியும், ஏனெனில் எழும்பிப் போன குடும்பம் பிறகு வந்து கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை.

அங்கே இருந்தது ஒரு பிலிப்பைன்ஸ் நாட்டுக் குடும்பம். இரண்டு பிள்ளைகள், மூத்தது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு. வாடகை ஒருநாளும் பிந்தவில்லை. நண்பர் அவர்கள் மீது குறை சொல்லவே இல்லை. அதுதான் என் மனதைத் தைத்தது. பொய் சொல்லிப் பழகாத மனிதர் ஒருவர், ஒரு குற்றமும் செய்யாத குடும்பத்தைப் பொய் சொல்லி எழுப்புவதற்கு என்னிடம் அனுமதி கேட்டு வந்திருக்கிறார். அவரை அங்கே கொண்டுவந்து விட்டது பேராசை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் போட்ட ஒரு கணக்கு.

எங்கள் ஊரில் வீடு வாடகைக்கு விடுவது அருமை. நிலந்தான் கைமாறும், அதுவும் இரண்டு வழியில். குத்தகை என்றால் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பேசினதைக் கொடுக்க வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு, விளையாவிட்டால் காணிக்காரருக்கும் இல்லை. வாரத்துக்குக் கொடுத்த காணிக்காரர் தை மாதத்தில் வரம்பில் வந்து நின்று வானத்தைப் பார்ப்பார். குத்தகைக்குக் கொடுத்தவர் பார்ப்பதில்லை. இங்கே நாம் செய்வது முழுக்கக் குத்தகைதான். வங்கி எங்களிடம் குத்தகை வாங்குகிறது, நாங்கள் குடியிருப்பவரிடம் வாங்குகிறோம். வேலை போனால், வட்டி ஏறினால், யாருடைய தலையில் அது விழும் என்று பார்த்தால், கடைசியில் நிற்பவன் தலையில்தான் விழும். வாரக் காணிக்காரரைப் போல விளைச்சல் இல்லாத ஒரு போகத்தைத் தாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருப்பவர்தான் இந்தத் தொழிலுக்குள் வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வள்ளுவரும் வலியறிதல் என்று ஓர் அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் இடத்தில்தான் வைத்தார். தன் பலத்தின் அளவு தெரியாத அரசனால் கெடுவது அவன் மட்டுமா?

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் சில வாசகர்கள் என்னை மண்டபத்தில் மறித்துக் கேட்பார்கள். எங்கள் சகோதரி ஒருவர், கணவரை இழந்தவர், துப்புரவு வேலை செய்பவர். பேஸ்மென்ற்றில் இருந்தவர் பதினொரு மாதம் ஒரு சதமும் கொடுக்கவில்லை. சபைக்குப் போட்ட விண்ணப்பம் கிடையில் கிடந்தது. ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் 2023 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கையிலேயே வீட்டுக்காரருடைய விண்ணப்பங்கள் விசாரணைக்கு வர ஏழெட்டு மாதம் எடுக்கிறது என்று கண்டிருக்கிறது. வாடகையாளருடைய முறைப்பாடுகள் அதைவிடவும் நீண்ட நாள் காத்திருந்தன. அந்தச் சகோதரிக்கு நான் கிழவரின் கதையைச் சொல்லப் போகவில்லை. அவருக்கு உரியது அவருக்குக் கிடைக்கத்தான் வேண்டும். முடியாதவனுக்குப் பொறுப்பதும், கொடுக்க மனமில்லாதவனுக்கு ஏமாறுவதும் ஒன்றல்ல. ஆனால் இதே ஏழெட்டு மாதம் என்ற கணக்கை வாங்கப் போகிறவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும். கையில் ஆறு எட்டு மாதத் தவணைக்குப் பணம் இல்லாமல் வாடகை வீடு வாங்குவது தானும் அழிந்து மற்றவரையும் அழிக்கும் வழி.

இன்னொன்று, எங்கள் ஆட்களிடம் அடிக்கடி காண்பது. நட்டத்துக்குப் பயந்தவர் வீடு விடும்போதே கெடுபிடி செய்யத் தொடங்குகிறார். புதிதாக வந்தவர் என்றால் ஆறு மாத வாடகை முன்னால் கேட்கிறார். இந்த மாகாணத்தில் கடைசி மாத வாடகைக்கு மேல் வைப்புப் பணம் கேட்க இயலாது. சேதத்துக்கு என்று வாங்கவே கூடாது. வாங்கிய கடைசி மாதப் பணத்துக்கும் வருடாவருடம் வட்டி கொடுக்க வேண்டும் என்பது பலருக்குப் புதினமாக இருக்கும். அரச உதவிப் பணத்தில் சீவிப்பவர், சிறு பிள்ளை உள்ளவர் என்று மறுப்பதை மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. தோலின் நிறத்தைப் பார்த்து வீடு இல்லை என்று சொல்லப்பட்ட அனுபவம் எங்களில் எத்தனை பேருக்கு உண்டு? மரக்கறிக் கடைப் பலகைகளில் "தமிழ்க் குடும்பத்துக்கு மாத்திரம்" என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகந்தான் வரும்.

நண்பருக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அன்றிரவு நான் அவருக்கு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. மகனிடம் இதைச் சொன்னீர்களா, அவன் பெயரில்தானே பொய் சொல்லப் போகிறோம் என்று மட்டும் கேட்டேன். அவர் சொல்லியிருக்கவில்லை. படிவத்தில் கையெழுத்து வைக்காமலே திரும்பிப் போனார். 2024 இல் அந்தக் குடும்பத்தை வைத்தபடியே வீட்டை விற்றார். குடியிருப்பவர் உள்ள வீடு என்றபடியால் விலை குறைவு. வாங்கிய விலையும் வரவில்லை. தன் வீட்டின் மேல் எடுத்த கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார், அறுபத்திரண்டு வயதில் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறார். அவர் மனைவி என்னோடு முன்போலக் கதைப்பதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தம்பி போன வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தார். கணக்கில் வரி, காப்புறுதி, திருத்த வேலை, வாடகை வராத மாதம் எல்லாவற்றுக்கும் வரிசை போட்டிருந்தார். எட்டு மாதத் தவணைப் பணம் தனியே ஒரு வரிசை. இரண்டு வீதம் வட்டி ஏறினால் என்ன என்று இன்னொன்று. "இப்பிடிப் போட்டால் ஒரு வீடும் சரிவருகுதில்லை மாமா" என்றார், கொஞ்சம் கோபமாகவே. பிறகு கேட்டார்: "அப்பிடியெண்டால் காசுள்ளவன் மட்டுந்தான் நல்ல வீட்டுக்காரனாய் இருக்கலாமோ? எங்களைப் போல ஆக்கள் தொடங்கவே கூடாதோ?"

அதற்கு என்னிடம் உடனே மறுமொழி இருக்கவில்லை. எங்களில் பலர் ஒன்றுமில்லாமல் தொடங்கினவர்கள்தான். கடன் எடுக்காமல் யாரும் இந்த நாட்டில் ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. கிழவரும் ஒரு காலத்தில் கடன்காரராகத்தான் இருந்திருப்பார், அப்போது அவருடைய பேஸ்மென்ற்றில் யார் இருந்தார்களோ, அவர்களிடம் எப்படி நடந்தாரோ.

தம்பி தன் தமக்கையோடு சேர்ந்து, முற்பணத்தை மூன்றில் ஒரு பங்காக்கி, இன்னும் சின்ன வீடாக, இரண்டு வருடம் கழித்து வாங்குவது பற்றி யோசிக்கிறாராம். தாயாருக்கு அந்த இரண்டு வருடம் பிடிக்கவில்லை, அதற்குள் விலை ஏறிவிடும் என்கிறார். ஏறவும் கூடும். புதுக் கணக்கை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.